மகளும் பங்காளிதான்: சட்டம் தந்த பங்கும் விடுதலைப் பத்திரமும்

மார்ச் 8ஆம் தேதி நெருங்கும்போது பத்திரிகைகளில் ‘முதல் பெண்’ பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். 1927இல் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட முத்துலட்சுமி ரெட்டி, 1933இல் இந்தியாவின் முதல் பெண் பட்டயக் கணக்கரான ஆர். சிவபோகம், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களில் மின்பொறியியல் படித்துத் தேறிய அ. லலிதா ஆகியோரின் பெயர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றன. நாட்டின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில்தான் வேலை செய்கிறார்கள் என்ற செய்தியும் இப்போது அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கொண்டாட வேண்டிய செய்திகள்தான். ஆனால் இவை எல்லாமே வீட்டுக்கு வெளியே இருந்த கதவுகள் திறந்த கதை என்பதையும் கவனிக்க வேண்டும். கல்லூரி, அலுவலகம், ஆலை, சட்டமன்றம் ஆகியவற்றுக்குள் பெண் நுழைந்த வேகத்தில், பிறந்த வீட்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குள் அவள் நுழையவில்லை.

இந்த வேறுபாட்டை நம் பேச்சுமொழியே காட்டிக்கொடுக்கிறது. ‘பங்காளி’ என்ற சொல்லுக்குப் பங்கை உடையவர் என்றுதான் பொருள். வழக்கிலோ அது அண்ணன் தம்பிகளையும், அவர்கள் வழிவந்த ஆண்களின் குடும்பங்களையும் மட்டுமே குறிக்கும். கூடப் பிறந்த அக்காவும் தங்கையும் பங்காளிகள் அல்லர். அவர்கள் கட்டிக்கொடுத்த இடம் மாமன் மச்சான் உறவாகிவிடும். ஒரே வயிற்றில் பிறந்தும் பங்கைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே மகளுக்கு இடமில்லாமல் போனதற்கு, தலைமுறை தலைமுறையாக நிலம் கைமாறிய விதமே காரணம்.

இந்து சட்டத்தின் மிதாட்சர முறையில் கூட்டுக் குடும்பச் சொத்து என்பது பிறப்பால் வரும் உரிமை. ஆண் குழந்தை பிறந்த கணத்திலேயே தந்தையின் பூர்வீகச் சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டாகிவிடும். குடும்பத்தில் ஓர் ஆண் இறந்தால் அவனது பங்கு மற்ற ஆண்களுக்குச் சேரும். மகளுக்கு இதில் இடமில்லை. திருமணம் வரை பராமரிப்பும் திருமணச் செலவும்தான் அவளுக்கு உரியவை. வசதியான வீடுகளில் மகளுக்கு ‘மஞ்சட்காணி’ என்று கொஞ்சம் நிலம் எழுதிவைக்கும் வழக்கம் இருந்ததுண்டு. மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று தரப்பட்ட அந்தக் காணி தகப்பன் மனமுவந்து கொடுத்தது. அதை அவள் உரிமையாகக் கேட்டு வாங்கியிருக்க முடியாது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சமமான சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அன்றைய நிலையில் இது எவ்வளவு தொலைநோக்கான கோரிக்கை என்பது, அடுத்து வந்த சட்டங்கள் எவ்வளவு சிறிய அடிகளாக எடுத்துவைத்தன என்று பார்த்தால்தான் விளங்கும். 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கைக் கொடுத்தது. ஆனால் அவள் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கலாம், தன் விருப்பப்படி விற்க முடியாது. சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதா, பிறப்பால் ஆணுக்கு மட்டும் பங்கு வரும் முறையையே ஒழிக்க முயன்றது. கடும் எதிர்ப்பால் மசோதா கிடப்பில் போடப்பட்டது, 1951இல் அவர் பதவி விலகியதற்கான காரணங்களில் ஒன்று. பிறகு மசோதா துண்டு துண்டாக நிறைவேறியபோது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பாதி வழி மட்டுமே வந்தது. பெண் தன் கைவசம் உள்ள சொத்துக்கு முழு உரிமையாளர் ஆனாள். தந்தை தானே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தில், உயில் இல்லாதபோது, மகனோடு சமமான வாரிசும் ஆனாள். பூர்வீகச் சொத்தில் ஆண்களின் பிறப்புரிமையை மட்டும் அந்தச் சட்டம் தொடாமல் விட்டது.

அந்த விலக்கின் எடை ஒரு சிறு கணக்கில் தெரியும். தாய் முன்பே இறந்துவிட்ட ஒரு குடும்பத்தில் தந்தை, ஒரு மகன், ஒரு மகள். பூர்வீக நிலம் 4 ஏக்கர். தந்தை உயில் எழுதாமல் இறந்துபோகிறார். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, அவர் இறப்பதற்குச் சற்று முன் பாகப்பிரிவினை நடந்ததாகப் பாவித்துக்கொள்ள வேண்டும். அதில் தந்தைக்கு 2 ஏக்கர், மகனுக்கு 2 ஏக்கர், மகளுக்கு ஒன்றுமில்லை. தந்தையின் 2 ஏக்கர் மட்டும் இருவருக்கும் சமமாகப் பிரியும். முடிவில் மகனிடம் 3 ஏக்கர், மகளிடம் 1 ஏக்கர். வாரிசுகளுக்குள் சமத்துவம் என்று சட்டம் சொன்ன வாக்கியம் உண்மைதான். ஆனால் அது செயல்படத் தொடங்கும் முன்பே பாதி நிலம் வேறு வழியாக மகன் கைக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பம் வசிக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது.

இந்த விலக்கை மாநிலங்கள்தான் முதலில் உடைத்தன. கேரளம் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. ஆந்திரம் வேறு வழியில் சென்று, மகளையும் பிறப்பால் பங்குரிமையாளர் ஆக்கியது. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அதே வழியில் வந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. செங்கல்பட்டுத் தீர்மானத்துக்கும் அந்தத் தேதிக்கும் இடையே 60 ஆண்டுகள். திருத்தத்துக்குப் பின் நம் 4 ஏக்கர் கணக்கு மாறிவிடும்: தந்தை, மகன், மகள் மூவருக்கும் மூன்றில் ஒன்று, தந்தையின் பங்கும் பாதிப் பாதியாகப் பிரிய, ஆளுக்கு 2 ஏக்கர்.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள்ளும் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. 1989 மார்ச் 25க்கு முன் திருமணமான மகளுக்கு அது பொருந்தாது. அதனால் ஒரே வீட்டில் 1985இல் மணமுடித்துப் போன அக்காவுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை இல்லை, 1990இல் மணமான தங்கைக்கு உண்டு. சட்டமன்றம் இப்படிச் செய்ததற்கு நடைமுறைக் காரணம் இருந்திருக்கலாம். பழைய ஏற்பாடுகள் குலையும், வழக்குகள் பெருகும் என்ற அச்சம் எளிதில் ஒதுக்கித்தள்ளக் கூடியதல்ல. என்றாலும், கட்டிக்கொடுத்த பெண் அடுத்த வீட்டுக்காரி என்ற வழக்கத்தின் வாசகத்தைச் சீர்திருத்தச் சட்டமே தன் விதிவிலக்காக எழுதிக்கொண்டது என்பதையும் மறைக்க முடியாது.

2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. மணமானவளா, ஆகாதவளா என்ற கேள்வி இல்லாமல் மகள் பிறப்பாலேயே பங்காளி ஆனாள். வசிக்கும் வீட்டைப் பற்றிய 23ஆம் பிரிவு நீக்கப்பட்டது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு மாற்றமும் அதில் உண்டு: சில மாநிலங்களின் வேளாண் நிலச் சட்டங்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்திருந்த விலக்கும் அகற்றப்பட்டது. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொத்து என்றால் நிலம்தான் என்பதால், நடைமுறையில் இதன் மதிப்பு பெரிது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பாணையின் மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளைச் சட்டம் தொடவில்லை.

அடுத்த 15 ஆண்டுகள் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி ஓடின. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? 2015இல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு ஆம் என்றது. 2018இல் வேறோர் அமர்வின் தீர்ப்பு எதிர்த்திசையில் இருந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, உரிமை பிறப்பால் வருவது, தந்தை இறந்த தேதியால் அல்ல என்று கூறிக் குழப்பத்தை முடித்தது. வாய்மொழியாக எப்போதோ பாகம் பிரித்துவிட்டோம் என்ற வாதத்தை, பொது ஆவணங்களின் வலுவான சான்று இல்லாமல் ஏற்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு எச்சரித்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பிரித்தோம், தாளில் எழுதவில்லை என்பது கிராமங்களில் சகோதரர்கள் வழக்கமாக எடுக்கும் கேடயம் என்பதால், இந்த எச்சரிக்கையின் பயன் பெரிது. 2022 ஜனவரியில், தமிழ்நாட்டிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அருணாசலக் கவுண்டர் வழக்கில், 1956க்கு முன்பே உயிலின்றி இறந்த ஒருவரின் சுயார்ஜிதச் சொத்து, அவருடைய சகோதரரின் மகனைவிட அவருடைய ஒரே மகளுக்கே முதலில் சேரும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது.

இதுவரை சொன்னது இந்துப் பெண்களின் கதை. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டம், மகனின் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதையே மகளுக்கு வைத்திருந்தது. 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் முன்பு திருவிதாங்கூராக இருந்த பகுதி என்பதால், அந்தச் சட்டத்தின் நிழல் இங்கும் விழுந்தது. அந்தச் சட்டம் 1951இலிருந்தே செல்லாது என்று 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இஸ்லாமியத் தனிச்சட்டத்தில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி என்பது இன்றும் தொடர்கிறது. பட்டியல் பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டமே நேரடியாகப் பொருந்தாது. அந்தப் பெண்களுக்கு இந்த உரிமையை விரிவாக்குவது பற்றி மத்திய அரசு ஆராய வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

யாழ்ப்பாணத்துத் தேசவழமையோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழமைச் சட்டம் குடும்பச் சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம் (மகளுக்குத் திருமணத்தில் கொடுப்பது), தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று பிரிக்கிறது. சீதனம் மகளின் பெயரிலேயே எழுதப்படுவதால், யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருப்பது சாதாரணக் காட்சி. தமிழகத்துப் பெண்ணுக்கு இது பொறாமையைத் தரக்கூடும். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவனுக்கு அவனது சொத்தில் அப்படியொரு கட்டுப்பாடு இல்லை. அங்கே உறுதி (பத்திரம்) அவள் பெயரில் இருக்கும், கையொப்பம் அவனுடையதும் வேண்டும்.

தமிழ்நாட்டிலோ கையெழுத்து முழுக்க அவளுடையதுதான். அதைக் கொண்டுதான் அவள் பங்கு போகிறது. முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் அதிகம் என்பதால் பதிவுத் துறை அன்று கூடுதல் டோக்கன்கள் ஒதுக்குவதுண்டு. அந்தக் கூட்டத்தில் வெளியூரிலிருந்து காரில் அழைத்துவரப்பட்டு, பத்திர எழுத்தர் நீட்டும் தாள்களில் கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைத்துவிட்டு, அண்ணன் வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டோடு ஊர் திரும்பும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் எழுதிக் கொடுப்பது விடுதலைப் பத்திரம். பிரிபடாத பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள சகல பாத்தியங்களையும் சகோதரனுக்கு விடுதலை செய்துவிட்டதாகவும், இனித் தனக்கோ தன் வாரிசுகளுக்கோ அதில் எவ்வித உரிமையும் இல்லை என்றும் அதில் எழுதியிருக்கும். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதப்படும் இத்தகைய ஆவணங்களுக்கு, கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட்டால், முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் மிகக் குறைவு, உச்சவரம்பும் உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு பூர்வீக நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளச் சகோதரியிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இன்று வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் இருக்கிறது. வில்லங்கம் பார்க்கும் வழக்கறிஞரும் கடன் கொடுக்கும் வங்கியும் சகோதரிகளின் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார்கள். பங்கைக் கொடுக்க மனமில்லாத குடும்பமும், அவளுக்குப் பங்கு உண்டு என்பதைப் பத்திரத்தின் முதல் பத்தியில் எழுதி ஒப்புக்கொண்ட பிறகுதான், இரண்டாம் பத்தியில் அதை வாங்கிக்கொள்ள முடிகிறது. இதைச் சிறிய முன்னேற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமையை அடுத்த தலைமுறை கேட்பது எளிது.

அப்படியென்றால் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்? சட்டம் தெரியாததால் என்று சொல்வது வழக்கம். கையெழுத்துக்காக அழைக்கும்போதே பங்கு இருப்பது தெரிந்துவிடுகிறது என்பதால், அந்த விளக்கம் இன்று செல்லாது. உண்மையான காரணம் சீர் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. வளைகாப்பும் முதல் பிரசவமும் பிறந்த வீட்டுப் பொறுப்பு. பிள்ளைக்குக் காது குத்த மாமன் மடி வேண்டும். மகள் பெரியவளானால் மாமன் தட்டு வரிசை வேண்டும். கல்யாணத்தில் மாமன் சீர் சபையில் எடுத்துக் காட்டப்படும். கணவன் இறந்தாலும் அவளே இறந்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வந்தாக வேண்டும். பெண்ணின் வாழ்நாள் முழுக்க, அவள் சாவு வரை நீளும் தவணைக் கணக்கு இது. அதைக் கட்டுபவன் அண்ணன் அல்லது தம்பி. பங்கு கேட்டால் தவணை நிற்கும்.

பணமதிப்பில் இந்தத் தவணைகள் ஒரு பங்கு நிலத்துக்கு ஈடாகாது என்பது அவளுக்கும் தெரியும். சீரோடு சேர்ந்து வருவது வேறொன்று: கணவன் வீட்டில் அடி வாங்கினாலோ, விலக்கி வைக்கப்பட்டாலோ, இரவோடு இரவாகப் பேருந்து ஏறி வந்து தட்டுவதற்கு ஒரு கதவு. வேறு காப்பீடு இல்லாத ஒருத்திக்கு அந்தக் கதவின் விலை இரண்டு ஏக்கரைவிட அதிகமாகத் தெரிவது அறியாமையால் அல்ல. அது கூர்மையான கணக்கு. பின்னால் அண்ணன் மாறிவிடலாம், அண்ணியின் காலத்தில் கதவு திறக்காமலும் போகலாம். ஆனால் கையெழுத்துப் போடும் நாளில் அவள் கையில் உள்ள ஒரே பிணை அதுதான். ‘உனக்குப் போட்ட நகைக்கும் செய்த செலவுக்கும் சரியாகப் போயிற்று’ என்ற வாதமும் கூடவே வரும். திருமணச் செலவு பங்கை அழித்துவிடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அந்த நகையில் பெரும்பகுதி கணவன் வீட்டுத் தேவைக்கு அடகுக் கடை ஏறியிருக்கும் என்பதைப் பந்தலில் செலவுக் கணக்கு எழுதியவர்கள் எழுதிவைப்பதில்லை.

கையெழுத்துப் போட மறுப்பவளுக்குக் காத்திருப்பது பாகப்பிரிவினை வழக்கு. முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை. பிறகு வழக்கறிஞர் ஆணையர் நிலத்தை அளந்து அறிக்கை தர, இறுதித் தீர்ப்பாணை. அதன் பிறகு சொத்தைக் கைப்பற்ற நிறைவேற்று மனு. ஒவ்வொரு படிக்கும் மேல்முறையீடு உண்டு. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில், கூட்டு அனுபவத்தில் இருப்பவர், அதாவது சொத்தை மற்றவர்களோடு சேர்ந்து கைவசம் வைத்திருப்பவர், வழக்குப் போட்டால் ஒரு நிலையான தொகை. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் தன் பங்கின் சந்தை மதிப்பில் விழுக்காட்டுக் கணக்கில் கட்டணம். புகுந்த வீட்டில் வாழும் பெண் பிறந்த வீட்டு நிலத்தின் ‘கூட்டு அனுபவத்தில்’ இருக்கிறாளா என்பதே முதல் சண்டையாகிவிடும். திருமணமாகிப் போவதுதான் பெண்ணின் இயல்பு என்று வளர்த்துவிட்டு, போனதால் நீ அனுபவத்தில் இல்லை என்று எதிர்வாதம் செய்வதில் ஒரு கசப்பான நகைச்சுவை இருக்கிறது. இந்த வழிக்கெல்லாம் போகாமலே, தந்தை மகன்கள் பெயருக்கு உயில் எழுதித் தன் பங்கை அப்படியே மாற்றிவிடவும் சட்டம் இடம் தருகிறது.

விளைவை எண்ணிக்கையில் பார்க்கலாம். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடிக் கைப்பற்றுகளில் (தனித்தனியாகச் சாகுபடி செய்யப்படும் நில அலகுகளில்) பெண்கள் நடத்துபவை ஏறத்தாழ 14 விழுக்காடு. அதற்கு முந்தைய 2010-11 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 13. களை எடுப்பதும் நாற்று நடுவதும் யார் வேலை என்பதை வயல்வரப்பில் நின்று பார்த்த எவருக்கும் இந்த எண் உறுத்தும். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 1 முதல், 10 இலட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான வீடு, மனை, விளைநிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்துள்ளது. வாங்கும் சொத்து பெண் பெயருக்கு வர இது உதவும். வழிவழியாக வரவேண்டிய சொத்துக்கு இது மருந்தல்ல.

அப்படித் தன் உழைப்பில் வாங்கிய சொத்து அவளிடம் இருந்தாலும், அவளுக்குப் பின் அது எங்கே போகும் என்பதில் பழைய சட்டம் இன்னும் தொடர்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகள். அதற்குப் பிறகுதான் அவளுடைய தாயும் தந்தையும். பெற்றோர் வழியில் வந்த சொத்துக்கு மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும் விலக்கு உண்டு. அவள் சம்பாதித்ததற்கு இல்லை. ஓர் ஆண் இறந்தால் மனைவியின் உறவினர்களைத் தேடிச் சொத்து போவதே இல்லை. 2008இல் சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவைத் திருத்தப் பரிந்துரைத்தது.

திருத்தம் வரவில்லை, வழக்கு வந்தது. 1955இல் மணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்த ஒரு பெண், புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டுப் பிறந்த வீடு திரும்பினார். பெற்றோர் படிக்க வைக்க, வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் கணிசமான தொகையைச் சேர்த்துவைத்து, 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். விரட்டிய பின் நாற்பது ஆண்டுகள் எட்டிப்பாராத கணவன் வழி உறவினர்கள் அந்தப் பணத்துக்கு உரிமை கோரி வந்தார்கள். ஓம் பிரகாஷ் – ராதா சரண் வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுதாபத்தை வைத்து வாரிசுரிமையைத் தீர்மானிக்க முடியாது, சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன என்று சொல்லி, பணத்தைக் கணவன் வழியினருக்கே கொடுத்தது. தீர்ப்பு வந்தது 2009 மே மாதத்தில். நாடு முழுவதும் மகள் பங்காளியாகி அப்போது நான்காவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.